ஏழாம் விதியும் ஒரு வாசகரும்

7 ஆகஸ்ட் 2023, திங்கட்கிழமை

'யாரும் கேட்காத குடை' நூலாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் நூல்களையும் இளையோர் நூல்களையும் பற்றி வலைப்பூவில் எழுதிவரும் பதிவர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் வழங்கும் விருதின் தகுதிச் சரிபார்ப்பாளர் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினருக்கான பிரிவில், முதல் சுற்றுப் பதிவர்கள் தேர்ந்த ஐந்து நூல்களுள் தங்கள் நூலும் ஒன்று. பட்டியல் 31 ஆகஸ்ட் வியாழக்கிழமை வெளியாகும். அதுவரை இச்செய்தியைத் தங்கள் பதிப்பாளர் தவிர வேறு எவரிடமும் சொல்ல வேண்டாம்.

நூல் நன்றா, அன்றா என்று பார்ப்பது என் பணியன்று. அது எப்போது வெளிவந்தது என்று பார்ப்பதே என் பணி. விருதின் ஏழாம் விதியைக் கீழே தருகிறேன்.

"நூல் 1 ஜூன் 2022க்கும் 31 மே 2023க்கும் இடைப்பட்ட காலத்தில் முதன்முறையாக வெளிவந்திருத்தல் வேண்டும். அதற்கு முன் அச்சிலோ இணையத்திலோ முழுமையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட நூல் தகுதி பெறாது. கைப்பிரதியைக் குடும்பத்தினருக்கோ நண்பர்களுக்கோ படிக்கத் தந்தது வெளியீடாகக் கருதப்படாது."

தங்கள் நூல் மேற்சொன்ன காலத்திற்கு முன் எங்கேனும் முழுமையாக வெளிவந்ததா? ஆம், இல்லை என்பதை எழுத்தில், கையொப்பத்துடன் தெரிவிக்க வேண்டுகிறேன். தொலைபேசிப் பதில் ஏற்கப்படாது. பதிலில் தேதி குறிப்பிட மறவாதீர்கள்.

இங்ஙனம்,
தகுதிச் சரிபார்ப்பாளர்


வியாழக்கிழமை

மாண்புமிகு தகுதிச் சரிபார்ப்பாளர் அவர்களுக்கு,

கவரைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அஞ்சல்தலையை அளவுகோல் வெச்சு ஒட்டுற ஆள் உலகத்துல ஒருத்தர்தான். நாலு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. இப்ப கூடப்பிறந்த தங்கச்சிக்கு வருது, "நூலாசிரியர் அவர்களுக்கு, வணக்கம்." சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை.

பேசாம இருந்ததுக்கு நான்தான் காரணம்னு ஊர்ல சொல்லிட்டிருப்பீங்க. சொல்லுங்க. என் வீட்டுக்காரர் செத்துப்போய், வீடு நிறைய ஜனங்க உட்கார்ந்திருக்கும்போது, அவர் படத்துக்குக் கீழ இருந்த பிறந்த தேதியை விரலால தொட்டுக் காட்டி, "இது தப்பு. பதினேழு. பதினெட்டு இல்லை"ன்னு சத்தமா சொன்னது யாரு? வாழ்க்கை பூரா பிறப்பு இறப்புப் பதிவாளரா இருந்தா, துக்க வீடும் ஆபீஸா தெரியுமா? "வெளிய போங்க. இனி எனக்கு அண்ணன்னு யாரும் இல்லை"ன்னு வாசல்ல நின்னு நான் சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தேதியோட இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் பஸ் டிப்போவுல, பயணிங்க விட்டுட்டுப் போற சாமான்களைப் பாத்துக்கற கவுண்ட்டர்ல இருபது வருஷத்துக்கு மேல உட்கார்ந்தவ. அவர் அதே டிப்போவுல பஸ் ஓட்டினவர். அந்தக் கவுண்ட்டரும் அந்த டிரைவரும்தான் என் கதை. என் பதிப்பாளருக்கு இருக்கறது ஒரே ரூம், ஒரே நாற்காலி, அந்த நாற்காலி மேலயும் புத்தகக் கட்டு. அவர் நேராவே சொல்லிட்டார். "பட்டியல்ல வந்தா உங்க ரெண்டாவது கதையை அச்சுக்கு அனுப்பறேன்மா. இல்லைன்னா இதோட நிறுத்திக்கலாம், கோவிச்சுக்காதீங்க." எனக்கு வயசு அறுபத்துமூணு. இன்னொரு பதிப்பாளரைத் தேடிப் பழக்கம் பிடிக்கறதுக்குள்ள என் பல்லெல்லாம் கொட்டிடும்.

உங்க வலைப்பூவை எனக்குத் தெரியும். கோழிக்குஞ்சு ஒரு வாரம் முன்னாடியே முட்டையை விட்டு வந்துடுச்சுன்னு ஒரு படப் புத்தகத்தைக் கிழிகிழின்னு கிழிச்சீங்களே. பிள்ளைங்க உங்களைக் காலண்டர் தாத்தான்னு கூப்பிடுதாம். தப்பே இல்லை.

கேள்விக்குப் பதில்: இல்லை. 20 ஜனவரி 2023ல புத்தகம் வந்தது. அதுக்கு முன்னாடி எங்கயும் வரலை. பழைய கோவத்தை இதுல காட்டலாம்னு நினைச்சா, காட்டிப் பாருங்க.

நூலாசிரியர்


14 ஆகஸ்ட் 2023, திங்கட்கிழமை

நூலாசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் 12 ஆகஸ்ட் சனிக்கிழமை கிடைத்தது. "வியாழக்கிழமை" என்பது தேதி ஆகாது. அஞ்சல் முத்திரையைக் கொண்டு 10 ஆகஸ்ட் என்று நானே குறித்துக்கொண்டேன்.

தங்கள் நூல் பரிந்துரைக்கப்பட்ட அன்றே, நூலாசிரியர் எனக்கு இன்ன உறவு என்பதை விருதின் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்து, வேறொருவரை நியமிக்குமாறு கேட்டுக்கொண்டேன். அந்த அம்மையார் மருந்துக்கடை நடத்துபவர். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் இடைவேளைகளில் படப் புத்தகங்களைப் பற்றி எழுதுபவர். "தேதிக்கு ஏது சார் சொந்தக்காரங்க? நீங்களே பாருங்க" என்று சிரித்துவிட்டார். நானும் இணங்கினேன். இணங்கியிருக்கக் கூடாது என்று இப்போது கருதுகிறேன்.

தாங்கள் குறிப்பிட்ட துயர நாளைப் பற்றி இக்கடிதத்தில் எழுதுவது முறையாகாது.

தங்கள் பதிலை நான் இன்னும் கோப்பில் சேர்க்கவில்லை. 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தையும், தங்கள் சொந்த வலைப்பூவையும் ஒருமுறை நினைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். மறதி வேறு, மறுப்பு வேறு. முதல் பதிலை மறதி என்றே கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன். இரண்டாம் பதிலையும் அவ்வாறு கொள்ள என்னால் இயலாது.

இங்ஙனம்,
தகுதிச் சரிபார்ப்பாளர்


வெள்ளி, 18 ஆகஸ்ட் 2023 (போதுமா?)

யார் சொன்னது?

வேற எதுவும் எழுதறதுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க. அந்த நவம்பர் விஷயம் எனக்கும் என் மகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவகிட்ட கேட்டேன். "உன் மாமாகிட்ட போய் ஒப்பிச்சியா? என் பின்னாடியே போன் பேசறியா?"ன்னு வாய்க்கு வந்தபடி கத்தினேன். "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலைம்மா"ன்னு அழுதா. நான் நம்பலை. பையை எடுத்துக்கிட்டு அவ சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா. போன் எடுக்க மாட்டேங்கறா. நல்ல வேலை பண்ணீங்க.

ஆமாம், போட்டேன். ஒத்துக்கறேன். அன்னைக்கு நல்ல மழை. மழைன்னா எங்க கவுண்ட்டருக்குக் குடையா வந்து குவியும். சாப்பாட்டு நேரத்துல ஆள் இல்லை. கதையை முடிச்சு ஒரு வாரம் ஆகியிருந்தது. யாருக்குக் காட்டறதுன்னு தெரியலை. காட்ட வேண்டிய மனுஷன் போயிட்டார். முதல் அத்தியாயத்துல இருந்து கடைசி வரைக்கும் மொத்தமா என் வலைப்பூவுல போட்டேன். தொலைஞ்ச ஒத்தைச் செருப்பு, பல் செட்டுன்னு நான் வழக்கமா எழுதற இடம்தான். அதைப் படிக்கறது என் டிப்போ ஆளுங்க நாலு பேர். அவங்களும் அன்னைக்கு டூட்டியில இருந்தாங்க.

கீழ எத்தனை பேர் பார்த்தாங்கன்னு காட்டுமே, அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் பூஜ்யம். அப்புறம் ஒண்ணு ஆச்சு. யாரோ படிக்கறாங்க! ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு காத்திருந்தேன். நல்லா இருக்குன்னு இல்லைன்னாலும், நல்லா இல்லைன்னாவது. ஒண்ணும் வரலை. கடையில புடவையைப் பிரிச்சுப் பார்த்துட்டு, மடிக்காமக்கூடப் போவாங்களே, அந்த மாதிரி வந்தாங்க, பார்த்தாங்க, போயிட்டாங்க. அவ்வளவு மோசமா எழுதியிருக்கேன்னு நினைச்சு, கவுண்ட்டர் மூடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துட்டேன். அதோட எழுதறதையே விட்டேன். என் மகதான் ஒரு பிரதி வெச்சிருந்து, ரெண்டு வருஷம் கழிச்சு எனக்குத் தெரியாம அந்த ஒத்தை நாற்காலிக்காரர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தா.

அரை நாள், ஒரே ஒரு ஆள். இதுக்குப் பேர் வெளியீடா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, யார் சொன்னாங்கன்னு சொல்லுங்க.


21 ஆகஸ்ட் 2023, திங்கட்கிழமை

தங்கைக்கு,

உன் மகளை உடனே திருப்பி அழைத்துக்கொள். அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய தொலைபேசி எண்ணைக்கூட நான் அறியேன்.

அந்த ஒருவர் நான்.

5 மார்ச் 2019 செவ்வாய்க்கிழமை உன் வாசற்கதவு எனக்கு மூடப்பட்டது. உன் வலைப்பூ மூடப்படவில்லை. நாள்தோறும் காலையில் அதைத் திறந்து பார்ப்பது வழக்கமாயிற்று. பல் செட்டைத் தேடி வந்தவர் மூன்று பல் செட்டுகளையும் போட்டுப் பார்த்துவிட்டு "எதுவுமே நம்மளது இல்லைம்மா" என்று திரும்பிப் போனதை நீ எழுதியிருந்தாய். அன்று நான் தனியே உட்கார்ந்து சிரித்தேன். வருகையாளர் எண்ணிக்கையில் உன் டிப்போக்காரர்களோடு நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

9 நவம்பர் 2020 திங்கட்கிழமை. பல் மருத்துவரின் வரவேற்பறையில் காத்திருந்தபோது கைபேசியில் உன் கதை வந்திருக்கக் கண்டேன். என் முறை வந்து, இருமுறை அழைத்திருக்கிறார்கள். நான் எழவில்லை. என் வாழ்நாளில் முறை தவறியது அந்த ஒரு நாள்தான். உன் கதையில் வரும் நேரக்காப்பாளர், கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸின் கடிகாரத்தையும் திருத்திக்கொண்டே போகிறவர், யாரென்று எனக்கு முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர் டிரைவரின் பிறந்த தேதியைத் திருத்தப்போக, டிரைவர் சொல்கிறார்: "பதினேழு ஆபீசுக்கு, பதினெட்டு எங்க அம்மாவுக்கு. ரெண்டு நாளும் மிட்டாய் உண்டு, உமக்கு எந்த நாள் வேணும்?"

நீ என்னை அறைகிறாயா, சமாதானத்துக்கு அழைக்கிறாயா என்று எனக்கு விளங்கவில்லை. "இரண்டு பிறந்தநாளும் சரியே" என்று பின்னூட்டப் பெட்டியில் எழுதினேன். என் பெயரைப் பார்த்தால் அனைத்தையும் நீக்கிவிடுவாய் என்று அஞ்சி, எழுதியதை அழித்தேன். வீடு திரும்பி மீண்டும் படிக்கத் திறந்தபோது கதை இல்லை.

ஒரு வார்த்தையும் வராததால்தான் நீ அதை நீக்கினாய் என்பதை உன் கடிதத்திலிருந்தே அறிகிறேன். படித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

எனினும், பக்கம் திறந்திருந்தது. யாரும் வந்து படித்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொண்டு பட்டியலின் அடியில் கையொப்பமிட என் கை துணியவில்லை. 31 ஆகஸ்டுக்குள் உன் நூலை நீக்கியாக வேண்டும்.

அண்ணன்


புதன், 23 ஆகஸ்ட்

அண்ணா,

மக வந்துட்டா. மன்னிப்புக் கேட்டேன். "ஒரு வாரம் பாத்திரம் நீதான் கழுவணும்"னு தண்டனை கொடுத்திருக்கா. கையெல்லாம் சோப்போடதான் எழுதறேன்.

ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை? அந்த ரெண்டு வருஷத்துல நான் ஒரு வரி எழுதலை, தெரியுமா? பேனாவைத் தொட்டாலே அந்த ஒண்ணு கண்ணு முன்னாடி வந்து நிக்கும். யாரோ ஒரு மெஷின் வந்து பார்த்துட்டுப் போயிருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். மெஷின் இல்லை, நீ. அந்த நேரம் பக்கத்துல இருந்திருந்தா உன் கண்ணாடியைப் பிடுங்கி, கேட்க ஆள் வராத சாமான் அலமாரியில வெச்சுப் பூட்டியிருப்பேன்.

சரி, இப்ப கவனமாப் படி. உன் ஏழாம் விதியை ராத்திரி உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படிச்சேன். கடைசி வரியை நீயே எழுதி அனுப்பியிருக்க. குடும்பத்துக்குப் படிக்கக் கொடுத்தா அது வெளியீடு இல்லை! படிச்சது ஒரே ஆள். அந்த ஆள் என் அண்ணன். அண்ணன் பொதுஜனமா? கூடப்பிறந்தவன் எந்த ஊர்ல பொதுமக்கள் கணக்குல வரான்?

உங்க மருந்துக்கடை அம்மாவுக்கு ஒரே வரி எழுதிப் போடு: "படித்தவர் அவருடைய அண்ணன் மட்டுமே." அவ்வளவுதான். பொய் ஒண்ணும் இல்லையே. நிஜம்தானே? புத்தகம் பட்டியல்ல நிக்கும், ரெண்டாவதும் அச்சுக்குப் போகும், உன் கையெழுத்தும் சுத்தமா இருக்கும்.

அன்னைக்கு வாசல்ல நின்னு அண்ணன் இல்லைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இந்த விஷயத்துக்கு மட்டும்.


26 ஆகஸ்ட் 2023, சனிக்கிழமை

தங்கைக்கு,

"இந்த விஷயத்துக்கு மட்டும்" என்ற தொடரோடு நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவாளர் அலுவலகத்தில் என் மேசைக்கு முன் வந்து நின்றவர்களில் பாதிப்பேர் இதையே சொன்னார்கள். பள்ளியில் சேர்க்க மட்டும் தேதியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள். வேலைக்கு மட்டும். நிச்சயதார்த்தம் முடியும் வரை மட்டும். ஒருவருக்கும் நான் மாற்றிக் கொடுத்ததில்லை. ஒரு விஷயத்துக்கு மட்டும் அண்ணனாக இருக்க எனக்குத் தெரியாது. 31 ஆகஸ்டுக்குப் பிறகு நான் யார் என்று யோசித்துப் பார்த்தாயா?

எனினும், உன் வாதத்தை மறைப்பது நேர்மையன்று. ஒருங்கிணைப்பாளருக்கு நேற்றே எழுதினேன். பக்கம் எல்லாருக்கும் திறந்திருந்தது என்பதையும், படித்தவன் உன் அண்ணன் என்பதையும் இரண்டையும் எழுதினேன். இதில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகியும் கொண்டேன். இனி அவரும் வேறு இரு பதிவர்களும் முடிவு செய்வார்கள்.

அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். "சார், கொஞ்சம் வளைஞ்சு கொடுங்க சார். என் கடைக்கு இருமல் மருந்து வாங்க வர்ற பிள்ளைங்க அந்த நேரக்காப்பாளர் மாதிரியே விசிலடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. இப்படி ஒரு புத்தகம் வந்து எத்தனை நாளாச்சு!" என்றார். அவர்கள் மூவரும் பேசி ஒரு வழி கண்டிருக்கிறார்கள். உனக்கு மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி வரும்: "உங்கள் அண்ணன் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை வலைப்பூவில் இட்டீர்களா?" ஆம் என்றால் அது குடும்பத்தினருக்குத் தந்த கைப்பிரதி, நூல் பட்டியலில் நிற்கும். இல்லை என்றால் அது வெளியீடு, நூல் விலக்கப்படும். 30 ஆகஸ்ட் புதன்கிழமை மாலைக்குள் பதில் வேண்டுமாம்.

உன் பதிலை எவராலும் சரிபார்க்க முடியாது. என்னாலும் முடியாது. ஒருவர் மனத்தில் அன்று என்ன இருந்தது என்பதற்குப் பதிவேடு கிடையாது. ஆதலால், என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நீயும் என்னிடம் கேட்காதே.

ஒன்று மட்டும். அன்று உன் வீட்டில் நான் சொன்ன தேதி சரி. சொன்ன இடம் தவறு. ஒரு மனிதர் தம் தாய் சொன்ன நாளில் பிறந்ததாக வாழ்ந்துவிட்டுப் போனால், அவர் படத்தின் கீழ் அந்த நாள் இருப்பதே முறை.

அண்ணன்


30 ஆகஸ்ட் 2023, புதன்கிழமை

அண்ணா,

முழுத் தேதி போட்டிருக்கேன், பாரு.

கேள்வி திங்கட்கிழமையே வந்துடுச்சு. மூணு நாள் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பதிப்பாளர் நேத்தும் இன்னைக்கும் மாத்தி மாத்திப் போன். "ஆமாம்னு ஒரு வார்த்தை போடுங்கம்மா. என்ன குறைஞ்சுபோகும்? அச்சகத்துல தேதி வாங்கி வெச்சிருக்கேன்." மகளும் பக்கத்துல நின்னு, "மாமாதானேம்மா படிச்சார்? அப்புறம் என்ன? அடிச்சு அனுப்பு" அப்படின்னா.

இன்னைக்கு மத்தியானம் அடிச்சேன். "ஆமாம்." மூணே எழுத்து. அனுப்பற பொத்தான் மேல விரலை வெச்சுட்டேன்.

அன்னைக்கு உன்னை நான் நினைக்கவே இல்லைண்ணா. நினைச்சிருந்தா கோவம்தான் வந்திருக்கும். நேரக்காப்பாளரை எழுதினதே உன் மேல இருந்த எரிச்சல்லதான். பிள்ளைங்க சிரிக்கட்டும்னு எழுதினேன், நீ படிக்கணும்னு இல்லை. உன்னைக் கூப்பிடலை. வாசலைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடாமலே வந்திருக்க. தினமும் வந்திருக்க. பல் டாக்டர் கூப்பிட்டும் எழுந்திரிக்காம உட்கார்ந்து படிச்சிருக்க. நீ! சினிமாவுக்கே படம் போடறதுக்கு அரை மணி முன்னாடி போய் வாசல்ல நிக்கற ஆளு!

கூப்பிடாம வந்தவனை நான்தான் கூப்பிட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டா, நீ வந்ததுக்கு என்ன மதிப்பு? அதையும் நானே எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒரு புத்தகத்துக்காக அதைச் செய்ய எனக்கு மனசு வரலை.

அழிச்சேன். "இல்லை. யார் வேணும்னாலும் படிக்கட்டும்னுதான் போட்டேன். ஒருத்தர் வந்தார்" அப்படின்னு அடிச்சு அனுப்பிட்டேன்.

பதிப்பாளர்கிட்ட சொன்னேன். "சரிம்மா"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனை வெச்சுட்டார். ரெண்டாவது கதையைத் திருப்பி அனுப்பிடுவார். வருத்தம் இல்லைன்னு எழுதமாட்டேன். நிறைய இருக்கு. பாத்திரத்தைத் தேய்ச்ச தேய்ப்புல ஒரு டம்ளர் நசுங்கிப்போச்சு.

"இந்த விஷயத்துக்கு மட்டும்"னு எழுதினதை அடிச்சுடு. விஷயமே இப்ப இல்லை.


2 செப்டம்பர் 2023, சனிக்கிழமை

தங்கைக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அதற்கு முன்பே, 31 ஆகஸ்ட் காலையில், அம்மையார் உன் பதிலை எனக்கு அனுப்பிவைத்தார். "நீங்களே கையெழுத்துப் போடுங்க சார், எனக்கு மனசு கேட்கலை" என்றார். உன் நூலின் பெயரை அடித்து, பக்கத்தில் தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். முப்பத்தைந்தாண்டு கையொப்பமிட்ட கை. அன்று மட்டும் எழுத்து கோணிவிட்டது. பட்டியல் உரிய நாளில் வெளியாயிற்று.

ஒருத்தர் வந்தார் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறாய். அந்த மின்னஞ்சலை நான் அச்சிட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே.

விருதுப் பணியில் உள்ளவர்கள் போட்டியிலிருக்கும் நூல்களைப் பற்றித் தம் வலைப்பூவில் எழுதக் கூடாது என்பது விதி. உன் நூல் போட்டியில் இல்லாமற்போனதால் அத்தடை நீங்கியது. நேற்று மாலை என் மதிப்புரையை வெளியிட்டேன். அதன் முதல் வரி, மூன்றாண்டுகளுக்கு முன் நான் எழுதி அழித்த அதே வரி. தேதிப் பிழை எதையும் சுட்டாமல் நான் எழுதிய முதல் மதிப்புரை அது. காலண்டர் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா என்று இரு பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். நான்காம் அத்தியாயத்தில் முழுநிலவு பத்து நாளைக்குள் இரண்டு முறை வருகிறது. ஊருக்குச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

மருந்துக்கடை அம்மையார் உன் நூலைத் தம் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறாராம். அது விதிகளுக்குள் வராது; ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருமுறை கூப்பிடாமல் வந்தேன். வாய் திறவாமல் போனேன். அதன் விளைவை இருவரும் அறிவோம். மறுமுறை அவ்வாறு வர எனக்கு விருப்பமில்லை. இனி வருவதாயின், நீ கூப்பிட்டு வர விரும்புகிறேன். 10 செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. 17 செப்டம்பரும் ஓய்வு. உண்மையில் எல்லா நாளும் ஓய்வுதான்.

அண்ணன்


அண்ணா,

மதிப்புரையைப் படிச்சேன். பின்னூட்டம் ஒண்ணும் போடலை. எப்படி இருக்கும்னு நீயும் ஒரு நாள் தெரிஞ்சுக்க.

ரெண்டாவது கதை திரும்பி வந்துடுச்சு. மேசை மேல இருக்கு. இதை வலைப்பூவுல போடப்போறது இல்லை. உன் கையில கொடுக்கறேன், உட்கார்ந்து படி. ஏழாம் விதி, கடைசி வரி. அதுல எத்தனை நிலா வருதுன்னு எண்ணிச் சொல்லு, திருத்திடறேன். நேரக்காப்பாளர் இதுலயும் வரார். கொஞ்சம் நல்லவரா வரார், ரொம்ப இல்லை.

என் வீட்டுக்காரர் படம் அதே இடத்துலதான் மாட்டியிருக்கு. அதே தேதியோட.

வா. பத்தாம் தேதி பஸ் நிறுத்தத்துக்கு மகளை அனுப்பறேன். அரை மணி முன்னாடியே வந்து நிக்காதே, அவ அப்ப வரமாட்டா.

இந்தக் கடிதத்துக்குத் தேதி போடலை. நீயே போட்டுக்க.

சின்ன வயசுல நீ கூப்பிட்ட வாலு